நண்டு நடை நடந்த கார்

ஒகேனக்கல் என்றவுடன் நம் கண்முன் வந்து நிற்பவை எவை? பாறைகளில் மோதிப் பொங்கி விழும் காவிரி, புகைபோல் எழும் நீர்த்திவலை, வட்டப் பரிசல்கள், எண்ணெய்க் குளியல், கரையோரக் கடைகளிலிருந்து வரும் மீன் வறுவல் மணம்! கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை, 'கல்' என்றால் பாறை. புகையும் பாறை என்னும் பொருளில் அமைந்த பெயர் இது என்பார்கள். அந்த அழகையெல்லாம் வருணிக்க என்னைவிடத் திறமை வாய்ந்த மாணவியர் இம்மலரில் இருப்பார்கள். முன்னாள் மாணவியாகிய நான் எழுத வந்தது அருவியைப் பற்றி அன்று. அருவிக்கு இட்டுச் செல்லும் மலைப்பாதையில் ஓடிய ஒரு காரின் பின்னச்சைப் பற்றி!

"காரின் அச்சா? பெண்கள் பள்ளி மலரில் இதற்கு என்ன வேலை?" என்று சிலர் புன்னகை புரியலாம். சற்றுப் பொறுமையுடன் படியுங்கள். அந்த அச்சு முக்கால் அங்குலம் விலகியதால் ஒரு நல்ல மனிதரின் பெயரே கெட இருந்தது. அம்மனிதர் என் தந்தையார்.

தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் ஏறத்தாழ 46 கிலோமீட்டர் தொலைவு. பென்னாகரம் வரை சாலை பெரும்பாலும் சமவெளியில் செல்லும். அதன்பின் காடு தொடங்கும். காட்டினூடே வளைந்து வளைந்து பாதை காவிரியை நோக்கி இறங்கும். ஏறும்போது எஞ்சின் திணறும். இறங்கும்போது பிரேக் திணறும். அந்தப் பாதையில் வண்டி ஓட்டுபவருக்குக் கண்ணும் கையும் மட்டும் போதா; வண்டியின் ஒவ்வோர் ஆணியும் தன் இடத்தில் இருக்க வேண்டும்.

1982ஆம் ஆண்டு. நான் எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். என் தந்தையார் தருமபுரியில் ஒருவரிடம் வாடகைக் கார் ஓட்டுநராக இருந்தார். கார் ஓர் அம்பாசடர். இன்றைய மாணவியரில் பலர் அதைத் திரைப்படத்தில் மட்டுமே பார்த்திருப்பீர்கள். கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 1950களின் இறுதி முதல் 2014 வரை தயாரிக்கப்பட்ட கார் அது. அமைச்சர்கள் முதல் மணமக்கள் வரை எல்லோரையும் சுமந்தது. ஐந்து பேர் அமர வேண்டிய இடத்தில் எட்டுப் பேர் அமர்ந்தாலும் முகம் சுளிக்காது!

அந்த ஆண்டு கோடையில் எங்கள் வீட்டில் நிம்மதி இல்லை. மூன்று மாதத்தில் காரின் இடப்பக்கப் பின் டயர்கள் இரண்டு வீணாயின. மட்கார்டின் விளிம்பு உரசி உரசி டயரில் ஆழமான கோடு விழுந்திருந்தது. முன் டயர்களும் ஓரத்தில் தேய்ந்திருந்தன. முதலாளி கோபங்கொண்டார். "வளைவில் வேகமாக ஒடித்துத் திருப்புகிறாய். அதனால்தான் டயர் போகிறது. இனி மாதம் 50 ரூபாய் சம்பளத்தில் பிடிப்பேன்" என்றார். அத்துடன் நிற்கவில்லை. "ஆடிப்பெருக்குக்குள் இன்னொரு டயர் போனால், ஆடி முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிடு" என்றும் கூறிவிட்டார்.

என் தந்தையார் எப்படி வண்டி ஓட்டுவார் என்பது ஊரறிந்த செய்தி. ஒவ்வொரு வளைவிலும் கியரைக் குறைப்பார், ஒலி எழுப்புவார், எதிரே பேருந்து வந்தால் ஒதுங்கி நின்று வழிவிடுவார். "இவர் வண்டியில் போனால் அருவியில் தண்ணீர் வற்றிய பிறகுதான் போய்ச் சேருவோம்" என்று கேலி செய்வோரும் உண்டு. அத்தகையவரைப் பார்த்து வேகமாக ஓட்டுகிறாய் என்றால் மனம் எப்படிப் பொறுக்கும்? ஆனால் அவர் எதிர்த்துப் பேசவில்லை. இரவில் சாப்பிட அமர்ந்தபோது அம்மாவிடம், "வண்டியில்தான் ஏதோ இருக்கிறது. நேராகப் போவதற்கே ஸ்டியரிங்கைக் கொஞ்சம் இடப்பக்கம் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. முன் சக்கரம் சரியாக இருக்கிறது என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள். எனக்குப் புரியவில்லை" என்று மட்டும் கூறினார். 50 ரூபாய் என்பது அன்று எங்கள் வீட்டுக்கு மிகப் பெரிய தொகை. அம்மா ஒன்றும் சொல்லாமல் களியைக் கிளறிக்கொண்டிருந்தார்.

ஆடி மாதத் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளி வீட்டார் ஒகேனக்கல் சென்றார்கள். சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள என்னையும் அழைத்துச் சென்றார்கள். அவர்கள் குளித்துவிட்டு உணவருந்திக்கொண்டிருந்த வேளையில் என் தந்தையார் வாளியில் நீர் மொண்டு வந்து காரைக் கழுவினார். பின்னர் காரை நிழலுக்கு நகர்த்தினார். ஈரத்தரையிலிருந்து உலர்ந்த பாறைத்தளத்தின் மீது கார் ஏறியது. பரிசலைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு அவ்வழியே வந்த ஒரு பரிசல்காரர் நின்று பார்த்துச் சிரித்தார்.

"என்ன டிரைவரே, உங்க காரு நண்டு மாதிரி நடக்குது!"

என் தந்தையார் இறங்கி வந்து தரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நேராகச் செல்லும் காரின் முன் சக்கரம் போன தடத்தின்மீதே பின் சக்கரமும் போகும். ஆகவே ஈரத்தடம் இரண்டு கோடுகளாகத்தான் தெரிய வேண்டும். அங்கே நான்கு கோடுகள் தெரிந்தன! பின் சக்கரங்கள் இரண்டும் முன் சக்கரத் தடத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் இடப்பக்கமாக விலகிப் பதிந்திருந்தன. அந்தப் பரிசல்காரர் கார் ஓட்டியவர் அல்லர். ஆனால் பாறையிடுக்கில் நண்டு நடப்பதை அன்றாடம் பார்ப்பவர். ஓடும் நீரில் எது நேர், எது கோணல் என்று கணிப்பதே அவர் தொழில். பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. சுழன்றாலும் அது பரிசல்தான். காருக்கு அப்படியா? முன்னால் போவது ஒரு திசையையும் பின்னால் வருவது வேறொரு திசையையும் நோக்கினால் என்னவாகும்?

இவ்விடத்தில் பின்னச்சைப் பற்றிச் சிறிது விளக்க வேண்டும். அம்பாசடர் போன்ற கார்களில் பின் சக்கரங்கள் இரண்டையும் ஒரே அச்சுக்கூடு இணைத்திருக்கும். அந்த அச்சைக் காரின் உடலோடு பிணைப்பவை வலப்பக்கம் ஒன்றும் இடப்பக்கம் ஒன்றுமாக உள்ள இரண்டு ஸ்பிரிங்குகள். அவை சுருள் அல்ல. வில்போல் வளைந்த எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை. (பழைய லாரிப் பட்டையில் அரிவாள் அடிப்பார்களே, அதே வகைப் பட்டைதான்.) பட்டைகளின் நடுவில் துளையிட்டு ஒரு போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். அதற்கு 'சென்டர் போல்ட்' என்று பெயர். அதன் தலை, அச்சின் அடியிலுள்ள இருக்கையில் ஒரு குழியில் பொருந்தி உட்காரும். அச்சு முன்னும் பின்னும் நகராமல் அதற்கு இடம் காட்டுவது அந்தச் சிறு தலையே! அதன்மேல் அச்சையும் பட்டையையும் சேர்த்து இறுக்கிப் பிடிப்பவை 'யூ போல்ட்'கள்.

யூ போல்ட் தளர்ந்தால் என்ன ஆகும்? இறுக்கிப் பிடிக்கும் வேலையும் சென்டர் போல்ட்டின் தலையில் வந்து விழும். அது இடம் காட்டப் பிறந்ததேயன்றிப் பாரம் தாங்கப் பிறந்ததன்று. மலைப்பாதையில் இறங்கும்போது மிதிக்கும் ஒவ்வொரு பிரேக்கும் சக்கரத்தைப் பின்னுக்கு இழுக்கும். ஏறும்போது எஞ்சினின் விசை முன்னுக்குத் தள்ளும். இழுத்தும் தள்ளியும் ஒரு நாள் அந்தத் தலை முறிந்துவிடும். அதன்பின் அந்தப் பக்கத்து அச்சு தன் இடத்தைவிட்டு நழுவும். காருக்குள் அமர்ந்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. கார் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

ஆடிப்பெருக்குக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. பென்னாகரம் சாலையில் சிறிய பட்டறை வைத்திருந்த ஒரு முதிய மெக்கானிக்கிடம் என் தந்தையார் காரைக் கொண்டு சென்றார். எல்லோரும் அவரைப் 'பாய்' என்றே அழைப்பார்கள். தந்தையார் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் உடனே காரின் அடியில் புகவில்லை. "முதலில் அளந்து பார்ப்போம். கண்ணை நம்பக்கூடாது. மட்கார்டையும் நம்பக்கூடாது, அது எத்தனை தடவை நசுங்கி நிமிர்ந்ததோ!" என்றார்.

காரைச் சமமான சிமெண்டுத் தரையில் நிறுத்தினார்கள். நான்கு டயர்களிலும் காற்றைச் சரிபார்த்தார்கள். முன் சக்கரங்களை நேராக வைத்தார்கள். ஒரு நூலின் நுனியில் நட்டு ஒன்றைக் கட்டித் தூக்குக் குண்டாக்கி, ஒவ்வொரு சக்கரத்தின் நடு மையத்திலிருந்தும் தரைக்குத் தொங்கவிட்டார்கள். நட்டு அசையாமல் நின்ற இடத்தில் சாக்குக்கட்டியால் புள்ளி வைப்பது என் வேலை. பிறகு காரைத் தள்ளி நகர்த்தினோம். தரையில் கோலப் புள்ளிகள்போல் நான்கு புள்ளிகள் நின்றன.

பாய் டேப்பை நீட்டினார். வலப்பக்கம் முன் புள்ளிக்கும் பின் புள்ளிக்கும் இடையே 97 அங்குலம். அம்பாசடருக்கு இருக்க வேண்டிய அளவும் அதுவே. இடப்பக்கம் அளந்தார். 97¾ அங்குலம்! இடப்பக்கச் சக்கரம் முக்கால் அங்குலம் பின்னுக்குப் போயிருந்தது.

"பார்த்தீர்களா? பின் சக்கரம் இரண்டும் இடப்பக்கம் பார்த்து உருளுகின்றன. வால் இடப்பக்கம் போகிறது. மூக்கு வலப்பக்கம் திரும்பப் பார்க்கிறது. அதனால்தான் நீங்கள் ஸ்டியரிங்கை இடப்பக்கமே பிடிக்கிறீர்கள். சக்கரம் பின்னுக்குப் போனதால் ஆள் ஏறியதும் மட்கார்டில் உரசுகிறது. வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை" என்றார் பாய். என் தந்தையார் ஒன்றும் பேசவில்லை. தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்த வாரம்தான் வகுப்பில் கணிதம் கற்பித்த சிஸ்டர், செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமம் என்பதையும், சாய்ந்த இணைகரத்தில் எதிர்ப்பக்கங்கள் சமமாக இருந்தாலும் மூலைவிட்டங்கள் சமமாக இரா என்பதையும் நடத்தியிருந்தார்கள். தரையிலிருந்த நான்கு புள்ளிகளைப் பார்த்தவுடன் அது நினைவுக்கு வந்தது. "மாமா, மூலைவிட்டத்தையும் அளக்கலாமா?" என்று கேட்டேன். பாய் சிரித்தார். "அளக்கத்தான் வேண்டும், பாப்பா. ஆனால் இப்போது இல்லை. முதலில் நீளத்தைச் சரிசெய்வோம். பிறகு நீயே டேப்பைப் பிடி" என்றார்.

காரின் உடலைக் கட்டைகளின்மேல் தாங்க வைத்து, அச்சின் பாரத்தை ஜாக்கியில் வாங்கிக்கொண்டார்கள். இடப்பக்க யூ போல்ட்டின் நட்டுகள் கையால் சுழற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தன. அக்கோடையின் தொடக்கத்தில் வேறொரு பட்டறையில் அந்தப் பக்கத்துப் பட்டை ஒன்றை மாற்றியிருந்தார்கள். புதிதாக மாற்றிய யூ போல்ட்டைச் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி முடுக்க வேண்டும். பட்டைகள் ஒன்றோடொன்று படியும்போது இறுக்கம் குறைந்துவிடும். அதை யாரும் செய்யவில்லை. அவற்றைக் கழற்றியதும் சென்டர் போல்ட்டின் முறிந்த தலை பாயின் உள்ளங்கையில் விழுந்தது. முறிந்த முகம் தேய்ந்து தேய்ந்து பளபளவென்று மின்னியது. அது முறிந்து பல நாள் ஆகியிருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. அத்தனை நாளும் அந்த மலைப்பாதையில் எத்தனை குடும்பங்களைச் சுமந்துகொண்டு இறங்கியிருக்கிறோம்! ஒரே ஒரு முறை பிரேக்கைப் பலமாக மிதிக்க நேர்ந்து, அச்சு இன்னும் நழுவியிருந்தால்? எண்ணும்போது இன்றும் உடல் சிலிர்க்கிறது.

பட்டைகளைக் கவ்வியால் சேர்த்து இறுக்கி, உறுதியான புதிய சென்டர் போல்ட்டைச் செலுத்தினார் பாய். அதன் தலை குழியில் சரியாக உட்கார்ந்ததை விரலால் தடவிப் பார்த்தார். புதிய யூ போல்ட்டுகளை மாட்டி, ஒரு நட்டை முழுவதும் முடுக்கிவிடாமல் நான்கையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்கினார். மறுபடியும் நூல், மறுபடியும் புள்ளிகள். வலம் 97, இடம் 97!

டேப்பின் ஒரு முனை என் கைக்கு வந்தது. முன் வலப்புள்ளியிலிருந்து பின் இடப்புள்ளிக்கு ஒரு மூலைவிட்டம். முன் இடப்புள்ளியிலிருந்து பின் வலப்புள்ளிக்கு மற்றொன்று. முதலாவது இரண்டாவதைவிடக் கால் அங்குலம் கூடுதலாக இருந்தது. "அச்சு நேராக நிற்கிறது, ஆனால் நடுவில் நிற்கவில்லை. இடப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது" என்றார் பாய். பட்டையின் முனைகளைக் காரோடு இணைக்கும் இடங்களில் உள்ள ரப்பர் புஷ்கள் நைந்திருந்தன. ஸ்பிரிங்கே பக்கவாட்டில் ஆடியது. புஷ்களை மாற்றினார். அந்தப் போல்ட்டுகளை மட்டும் காரைக் கீழே இறக்கி, முழு எடையும் சக்கரத்தில் நின்ற பிறகே இறுதியாக முடுக்கினார். அந்தரத்தில் தொங்கும்போது முடுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு விரைவில் கிழிந்துவிடுமாம். கடைசியாக அளந்தபோது இரண்டு மூலைவிட்டங்களும் ஒன்றாயின. பாய் என் தலையில் கைவைத்து, "உங்கள் டீச்சருக்கு என் சலாம் சொல்" என்றார். மறுநாள் சிஸ்டரிடம் சொன்னேன். அவர்கள் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவே இல்லை!

அன்று மாலையே என் தந்தையார் முறிந்த போல்ட்டைக் காகிதத்தில் மடித்து முதலாளியிடம் கொடுத்து, அளவுகளையும் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. முதலாளி அதை விரலால் உருட்டி உருட்டிப் பார்த்தார். "சரி, போய் வா" என்றார். ஆடிப்பெருக்கன்று கார் நான்கு முறை ஒகேனக்கல் சென்று திரும்பியது. டயர் உரசவில்லை. அம்மாதச் சம்பளத்தில் பிடித்தம் இல்லை. முன்பு பிடித்த 100 ரூபாயும் சேர்ந்திருந்தது. மன்னிப்பு என்று ஒரு சொல்லும் அவர் வாயிலிருந்து வரவில்லை. ஆனால் பின்னர் வண்டியில் எது பழுதானாலும், "அளந்து பார்த்தாயா?" என்பதே அவருடைய முதல் கேள்வியாயிற்று. அந்த 100 ரூபாயில் என் நோட்டுப் புத்தகங்களும் தம்பியின் சீருடையும் வந்தன.

காலம் மாறிவிட்டது. இன்று பல சிறிய கார்களில் எஞ்சின் முன் சக்கரங்களையே இயக்குகிறது. பட்டை ஸ்பிரிங்கைச் சுமை வண்டிகளில்தான் மிகுதியாகக் காண்கிறோம். சக்கரங்களின் நேர்மையை ஒளிக்கற்றையும் கணினியும் அளந்து சொல்கின்றன. ஆயினும் அச்சை நடுவில் நிறுத்தும் வேலை ஒழிந்துவிடவில்லை. 2023இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த மாருதி ஜிம்னி போன்ற வண்டிகளில் ஒரே அச்சும் சுருள் ஸ்பிரிங்கும் உண்டு. சுருள் ஸ்பிரிங் எடையைத் தாங்கும்; பக்கவாட்டில் அச்சைப் பிடித்து நிறுத்தாது. அதற்காகக் குறுக்கே ஒரு தண்டு வைக்கிறார்கள். அதன் ஒரு முனை காரின் உடலில், மறுமுனை அச்சில். பழைய பிரெஞ்சுக் கார் நிறுவனமொன்றின் பெயரால் அதைப் பான்ஹார்டு தண்டு என்பார்கள். இளைஞர்கள் சிலர் உயரமான ஸ்பிரிங் போட்டு வண்டியைத் தூக்குகிறார்கள். அப்போது அச்சு ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். ஏன் தெரியுமா? சுவரில் சாத்திய ஏணியை எண்ணிப் பாருங்கள். ஏணி நிமிர நிமிர அதன் அடி சுவரை நெருங்கும். தண்டும் அதுபோல் செங்குத்தாகச் சாயச் சாய, அச்சைத் தன் மேல்முனை இருக்கும் பக்கமாக இழுத்துவிடும். அதைச் சரிசெய்ய, திருகி நீளம் கூட்டக்கூடிய தண்டைப் பொருத்தி, இரு பக்கமும் அளந்து அளந்து அச்சை நடுவுக்குக் கொண்டுவருவார்கள். பாயின் டேப்பும் நூலும் அங்கேயும் பயன்படும்.

உருண்டோடும் பெருந்தேருக்கு அச்சாணி எத்துணை இன்றியமையாதது என்று வள்ளுவரிடம் படித்திருக்கிறோம். அச்சாணி முறிந்தால் தேர் நின்றுவிடும், எல்லோருக்கும் தெரிந்துவிடும். சென்டர் போல்ட் முறிந்தாலோ வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். கோணலாக ஓடும், பழி மட்டும் ஓட்டுபவர்மேல் விழும். அதனால்தான் அது இன்னும் ஆபத்தானது.

நான் பின்னர் கணித ஆசிரியையானேன். பணி ஓய்வு பெறும்வரை, செவ்வகத்தின் மூலைவிட்டம் நடத்தும் நாளில் இந்தக் காரின் கதையைச் சொல்லாமல் இருந்ததில்லை. என் தந்தையார் இன்று இல்லை. வேகமாக ஓட்டினார் என்று அவரைப் பற்றி எவரும் சொல்ல முடியாதபடி அவர் பெயரைக் காத்தவை ஒரு முழ நூலும் ஓர் இரும்பு நட்டும் நான்கு சாக்குப் புள்ளிகளும்தாம்.

அன்பு மாணவியரே! உங்கள் வடிவியல் பெட்டி தேர்வுக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிடாதீர்கள். ஒருவர்மேல் குற்றம் சொல்லப்படும்போது, கூடச் சேர்ந்து குற்றம் சொல்வதும் எளிது. பரிந்து அழுவதும் எளிது. அளந்து பார்ப்பதே அரிது. எந்தக் கருவியைக் கண்டும், "இது ஆண்கள் வேலை" என்று ஒதுங்காதீர்கள். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க எங்கேனும் ஒரு கை தேவைப்படும். அந்தக் கை உங்களுடையதாக இருக்கட்டும்!

— ஒரு முன்னாள் மாணவி